கல்ஃப் பெட்டியில் வந்த டிஎஸ் லைட்டுக்கு ஃப்ளாஷ் கார்டு போடுவது எப்படி

நின்டெண்டோவின் கையடக்க கேம் மெஷினான டிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம், "கீழ் விளிம்புல பெரிய ஓட்டை இருக்கா, பாருங்க" என்றுதான் முதலில் கேட்பேன். மேல் விளிம்பில் உள்ள சின்ன ஓட்டை டிஎஸ் குடும்பம் முழுக்க உண்டு. டிஎஸ் கேம் கார்டு போடுகிற இடம் அது, ஸ்லாட்-1 என்பார்கள். கீழே அகலமாக இன்னொன்று இருந்தால் அது ஸ்லாட்-2. பழைய கேம்பாய் அட்வான்ஸ் கேசட் அதில் போகும். 2004இல் வந்த முதல் டிஎஸ்ஸிலும் 2006இல் வந்த டிஎஸ் லைட்டிலும் இரண்டு ஓட்டையும் உண்டு. 2008இல் டிஎஸ்ஐ வந்தபோது கீழ் ஓட்டையை எடுத்துவிட்டு, கேமராவும் எஸ்டி கார்டு போடும் இடமும் வைத்தார்கள். எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதெல்லாம் இந்த ஒரு பதிலிலேயே பாதி முடிவாகிவிடும்.

எனக்குச் செங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை. இந்த ஊர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இன்றைக்கும் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் ஆட்கள் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ரிப்பேருக்கு இங்கே வருவதும், நாங்கள் அங்கே பெண் கொடுத்து எடுப்பதும் சகஜம். துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்த சித்தப்பா பிள்ளைக்கென்று வாங்கி வந்த டிஎஸ் லைட், வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். பிள்ளை காலேஜை முடித்த பிறகு என் மேஜைக்கு வரும். "சேட்டா, இதில் கேம் கயற்றித் தருமோ?" என்பார்கள். நான் கேம் ஏற்றித் தருவதில்லை, ஏற்றும் வழியைச் சொல்லித் தருவேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஃப்ளாஷ் கார்டு என்பது கேம் கார்டின் உருவத்தில் இருக்கும் ஒரு கார்டு ரீடர், அவ்வளவுதான். அதன் முதுகிலோ விளிம்பிலோ மைக்ரோ எஸ்டி செருக இடம் இருக்கும். மெஷின் அதை அசல் கேம் என்று நினைத்துத் திறக்கும். உள்ளே போனால் கேமுக்குப் பதில் ஒரு மெனு வரும். மெமரி கார்டில் இருக்கும் ஃபைல்கள் அதில் வரிசையாகத் தெரியும், தொட்டால் ஓடும்.

முதலில் மெஷினைப் பாருங்கள்

கார்டு வாங்கும் முன் மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஎஸ் லைட்டின் பின்மூடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, சாதாரண ப்ளஸ்தான், அதைக் கழற்றினால் பேட்டரி. உப்பியிருந்தால் சார்ஜில் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். அசல் பேட்டரி 1000 எம்ஏஎச். மாற்று பேட்டரியில் அதற்கு மேல் எவ்வளவு அச்சடித்திருந்தாலும் நான் நம்புவதில்லை.

சார்ஜர் விஷயத்தில் கல்ஃப் மெஷின் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம்மைப் போல 220, 240 வோல்ட்தான். அமெரிக்காவில் இருந்து வந்த சார்ஜர் 120 வோல்ட்டுக்கும் ஜப்பானில் இருந்து வந்தது 100 வோல்ட்டுக்கும் செய்தது. பின்னை மாற்றும் அடாப்டர் போட்டு நம் சுவரில் செருகினால் புகைதான் வரும். யூஎஸ்பி முனையுள்ள டிஎஸ் லைட் சார்ஜிங் கேபிள் தனியாகக் கிடைக்கும், அது போதும். முதல் டிஎஸ்ஸும் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பியும் ஒரே சார்ஜரில் ஏறும். லைட்டுக்கு அது பொருந்தாது, வாய் வேறு.

இந்த மாடலின் வலது கீல் விரிசல் விடுவது பிறவிக் குறை. விரிசல் இருந்தாலும் மேல்திரை எரிந்தால் கவலையில்லை. எல், ஆர் பட்டன் இரண்டையும் அமுக்கிப் பாருங்கள். தொடுதிரை தப்பான இடத்தைப் பிடித்தால் செட்டிங்ஸில் உள்ள டச் சரிசெய்யும் திரையை ஒரு முறை ஓட்டினாலே பெரும்பாலும் திருந்திவிடும்.

எந்தக் கார்டு

டிஎஸ், டிஎஸ் லைட் என்றால் ஸ்லாட்-1 கார்டு. சந்தையில் எல்லாவற்றுக்கும் ஆர்4 என்றே பெயர். அசல் ஆர்4 எப்போதோ போய்விட்டது. 2009 பிப்ரவரியில் டோக்கியோ நீதிமன்றமும் 2010இல் லண்டன் உயர் நீதிமன்றமும் இந்த மாதிரிக் கார்டுகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் பிறகு வந்ததெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்ட நகல்கள். நகலிலும் நல்லது உண்டு. பார்க்க வேண்டியது ஸ்டிக்கரில் எஸ்டிஎச்சி என்ற எழுத்து இருக்கிறதா என்பது. அது இல்லாத பழைய கார்டு 2 ஜிபி மெமரி வரைதான் படிக்கும். இன்று 2 ஜிபி மைக்ரோ எஸ்டி தேடுவதைவிட எஸ்டிஎச்சி கார்டே வாங்கிவிடலாம், அது 32 ஜிபி வரை படிக்கும்.

சில நகல் கார்டுகளில் ஒரு விஷமம் உண்டு. அவர்கள் கொடுக்கும் மென்பொருளுக்குள் ஒரு தேதி ஒளிந்திருக்கும். மெஷினின் கடிகாரம் அதைத் தாண்டியதும் கேம் திறக்காது. கார்டு செத்துவிட்டது என்று குப்பையில் போடாதீர்கள். டிஎஸ் கடிகாரத்தைச் சில வருஷம் பின்னுக்கு வைத்துப் பாருங்கள், ஓடினால் நோய் அதுதான். ஒய்எஸ்மெனு போன்ற மாற்று மெனுவைப் போட்டால் அந்தத் தொல்லை தீரும்.

டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் ஃப்ளாஷ் கார்டு வாங்கவே வேண்டாம். அதில் சொந்தமாக எஸ்டி கார்டு துளை இருக்கிறது. கேமரா ஆப்பில் உள்ள ஒரு பாதுகாப்புக் குறை வழியாக ட்வைலைட் மெனு என்ற இலவச மெனுவைத் திறக்க முடியும். அடுத்து வந்த 3டிஎஸ்ஸுக்கு அது தனிப் பாடம். சோனியின் பிஎஸ்பி கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதில் கேசட்டே கிடையாது, மெமரி ஸ்டிக்தான்.

கேம்பாய் அட்வான்ஸ் என்றால் கார்டின் உருவம் வேறு: ஈஸி ஃப்ளாஷ் ஒமேகா, எவர்டிரைவ் இரண்டும் பெயர் பெற்றவை, ஆர்4 நகலைவிட விலை பல மடங்கு. அட்வான்ஸ் கேம் அதிகபட்சம் 32 எம்பி. மெமரி கார்டில் இருந்து அதை உள் ராமுக்கு ஏற்றிவிட்டு ஓட்டும், அதனால் பெரிய கேம் திறக்கச் சில விநாடி பிடிக்கும். இதே கேசட்டை டிஎஸ் லைட்டின் ஸ்லாட்-2விலும் போடலாம், சற்றே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் முந்தைய கேம்பாய், கேம்பாய் கலர் கேசட் டிஎஸ்ஸில் போகாது, அந்தச் சில்லையே டிஎஸ்ஸில் வைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு, கையில் இருக்கும் டிஎஸ் லைட்டும் ஒரு எளிய ஸ்லாட்-1 கார்டும்தான். ஏன் என்று கீழே கேசட்டை நகல் எடுக்கும் இடத்தில் புரியும். வாங்கும் வழியைக் கேட்டால், அலிஎக்ஸ்பிரஸ் ஆப்பை 2020 நவம்பரில் இங்கே தடை செய்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு மிச்சம் இருக்கும் வழி மறுபடியும் சித்தப்பாவின் பெட்டிதான்.

மெமரி கார்டு

ஃப்ளாஷ் கார்டு மேல் வரும் புகாரில் பாதிக்கு மேல் மெமரி கார்டின் வேலை. பஸ் ஸ்டாண்டிலும் திருவிழாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் 32 ஜிபி மெமரிக்குள் உண்மையில் 4 ஜிபியோ 8 ஜிபியோதான் இருக்கும். கம்ப்யூட்டரில் 32 என்றே காட்டும், காப்பியும் ஆகும். நிஜ அளவைத் தாண்டி எழுதியதெல்லாம் குப்பையாகிவிடும். இரண்டு வாரம் விளையாடிய சேவ் ஒரு நாள் காணாமல் போவதற்கு இது முதல் காரணம்.

அதனால் புது மெமரி எதுவானாலும் முதலில் சோதனை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டு நிறைய எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். 32 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போட்டுவிட்டு பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டு வாருங்கள். கடைசியில் பிழை என்று ஒரு வரி வந்தாலும் அந்த மெமரியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது ஃபார்மட். டிஎஸ் கார்டுகளுக்கு ஃபேட்32 தெரியும், எக்ஸ்ஃபேட் தெரியாது. எஸ்டி அசோசியேஷன் வெளியிடும் எஸ்டி ஃபார்மட்டரில் போட்டால் 4 ஜிபியில் இருந்து 32 ஜிபி வரைக்கும் ஃபேட்32 ஆகவே செய்து தரும். 64 ஜிபி வாங்கிவிட்டால் அதே மென்பொருள் எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடும், அப்புறம் "கார்டு கண்டுபிடிக்கலை" என்று என்னிடம் வருவீர்கள். அதனால் 32 ஜிபியோடு நில்லுங்கள். விண்டோஸின் சொந்த ஃபார்மட்டில் செய்தால் அலொகேஷன் அளவு என்ற இடத்தில் 32 கிலோபைட்டைத் தேர்ந்தெடுங்கள். நான் பொதுவாக 8 ஜிபி போடச் சொல்வேன். ஹோம்ப்ரூவுக்கும் (ஆர்வலர்கள் தாங்களே எழுதி வெளியிடும் நிரல்கள்) சொந்தக் கேசட் நகலுக்கும் அதுவே தாராளம்.

மெனுவை ஏற்றுதல்

கார்டோடு மென்பொருள் வராது. ஸ்டிக்கரில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதே கார்டுக்கான கெர்னலை, அதாவது மெனு மென்பொருளை, இறக்க வேண்டும். அண்ணன் தம்பி போல இருக்கும் இரண்டு ஆர்4 கார்டுக்கு இரண்டு கெர்னல். மாற்றிப் போட்டால் இரண்டு திரையும் வெள்ளையாக நின்றுவிடும்.

ஜிப்பை விரித்தால் ஒரு ஃபோல்டர் வரும். அதைத் திறந்து உள்ளே இருப்பவற்றை மெமரி கார்டின் மேல்மட்டத்தில் போடுங்கள். ஃபோல்டரையே தூக்கிப் போட்டால் "மெனு ஃபைல் இல்லை" என்று ஏதாவது ஒரு வரி காட்டி நின்றுகொள்ளும். கேம்களுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள். ஃபைல் பெயர் ஆங்கிலத்தில், சின்னதாக. தமிழில் வைத்தால் பெரும்பாலான மெனுவில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் இஜெக்ட் கொடுத்து எடுத்து, ஃப்ளாஷ் கார்டில் செருகி, அதை டிஎஸ்ஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எச்சரிக்கைத் திரை வரும், தொட்டால் பிரதான மெனு. மேல் வரிசையில் கார்டின் பெயரோ வேறு ஏதோ ஒரு கேமின் பெயரோ இருக்கும். கேம் பெயரைக் கண்டு மிரள வேண்டாம், மெஷினை நம்ப வைக்கப் போட்டிருக்கும் வேஷம் அது. தொட்டால் உங்கள் மெனு திறக்கும். கார்டே இல்லை என்று காட்டினால் எடுத்து, முனையைத் துடைத்து, மறுபடி போடுங்கள்.

ஹோம்ப்ரூ நிரல்கள் மெமரி கார்டைத் தொட வேண்டுமானால் டிஎல்டிஐ என்ற சிறு டிரைவர் அந்த ஃபைலுக்குள் போக வேண்டும். இப்போதைய கெர்னல்கள் பெரும்பாலும் தாமே ஒட்டிக்கொள்ளும். ஒரு நிரல் மட்டும் ஃபைலைக் காணோம் என்று அடம்பிடித்தால், உங்கள் கார்டுக்கான டிஎல்டிஐயைத் தேடிக் கையால் ஒட்டுங்கள்.

சொந்தக் கேசட்டை நகல் எடுப்பது

நெட்டில் ஆயிரம் கேம் ஒரே ஜிப்பாகக் கிடைக்கும். அது யாரோ செய்து விற்கும் பொருள், இலவசம் கிடையாது. நான் தொடுவதில்லை. சொந்தக் கேசட் கதை வேறு. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகக் கையில் வைத்திருக்கும் கணினி நிரல் தொலையாமலும் கெடாமலும் இருக்கக் காப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. அலமாரியில் கிடக்கும் அட்வான்ஸ் கேசட்டுகளை அப்படி எடுத்து வைப்பது நல்ல காரியம்.

இதற்குத்தான் டிஎஸ் லைட். ஸ்லாட்-1இல் ஃப்ளாஷ் கார்டு, ஸ்லாட்-2வில் உங்கள் கேசட். காட்மோட்9ஐ என்ற இலவச நிரலை மெமரியில் போட்டுத் திறந்தால், டிரைவ்கள் பட்டியலில் கேசட்டும் ஒன்றாக நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து நகல் கேட்டால் கேமும் சேவும் மெமரி கார்டுக்கு வந்துவிடும். தனி மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். டிஎஸ் கேம் கார்டை இந்த வழியில் எடுக்க முடியாது, அது போக வேண்டிய துளையில் ஃப்ளாஷ் கார்டு உட்கார்ந்திருக்கிறதே. அதற்கு டிஎஸ்ஐ வேண்டும்.

கேசட் அசலா என்றும் அப்போதே பாருங்கள். அடிப்பக்கம் திறப்பில் எட்டிப் பார்த்தால், அசலில் தங்கப் பற்களுக்கு மேல் போர்டில் நின்டெண்டோ என்று அச்சு தெரியும். போக்கிமான் எமரால்டு திறந்ததும், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தால் பதற வேண்டாம். அந்தப் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும், சேவ் ஃப்ளாஷ் சில்லில் பத்திரமாக இருக்கும். பழைய கேம்பாய் கேசட்டுகளில் நிலைமை தலைகீழ். சேவே அந்தப் பட்டன் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றும் முன் சேவ் ஃபைலை நகல் எடுத்தாக வேண்டும், அதற்கு டிஎஸ் உதவாது, யூஎஸ்பியில் ஓடும் கேசட் ரீடர் தேவைப்படும்.

ஃப்ளாஷ் கார்டிலும் சேவ் தனி ஃபைல்தான், கேம் பெயரிலேயே சேவ் என்ற வாலோடு இருக்கும். சில கார்டுகள் கேமுக்குள் சேவ் கொடுத்தவுடன் மெமரியில் எழுதும். சிலது அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் எழுதும். உங்களுடையது எந்த ரகம் என்று தெரியும்வரை, சேவ் கொடுத்து, அணைத்து, மறுபடி மெனு வரைக்கும் ஆன் செய்துவிட்டுப் பிறகு மெமரியைக் கழற்றுங்கள். மாதம் ஒரு முறை எல்லா சேவ் ஃபைலையும் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால் மெமரி போனாலும் அழ வேண்டியதில்லை.

சாரல் காலம்

ஜூனில் குற்றாலத்துச் சாரல் தொடங்கினால் செங்கோட்டை வீடுகளில் உப்பே தண்ணீர் விடும். கேசட் பற்களில் பச்சை படிவதும் அப்போதுதான். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அதை இன்னும் அரிக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, பற்களின் நீளவாக்கில் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மெடிக்கலில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். ரப்பர் போட்டுத் தேய்ப்பது கடைசி வழி, தங்கப் பூச்சும் சேர்ந்து போகும். எடுத்து வைக்கும்போது இறுக மூடும் டப்பாவில் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டுவிடுங்கள்.

என்ன ஓட்டுவது

காசு கேட்காத நல்ல சரக்கு நிறைய இருக்கிறது. அட்வான்ஸுக்கு அப்போட்ரிஸ், கட்டை அடுக்கும் ஆட்டம், கையை விட்டு இறங்காது. கேம்பாய்க்கு டோபு டோபு கேர்ல், கேம்பாய் கலருக்கு நகரம் கட்டும் யூசிட்டி. டிஎஸ்ஸில் வரைய கலர்ஸ். அது 2007இல் ஹோம்ப்ரூவாகப் பிறந்து பிறகு 3டிஎஸ்ஸுக்கு விலைக்கே வந்த நிரல். பாட்டு செய்யும் பையன்கள் எல்எஸ்டிஜே கேட்பார்கள். கேம்பாய் ஃபைல்களை டிஎஸ் லைட்டில் ஓட்ட கேம்யோப் என்ற எமுலேட்டரை ஃப்ளாஷ் கார்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நாமே செய்து ஓட்டுவது. ஜிபி ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் நிரல் எழுதத் தெரியாமலே கேம்பாய் கேம் செய்யலாம். புனலூரில் மலையாள மீடியம் படிக்கும் அக்கா மகளுக்குத் தமிழ் எழுத்துப் பழக்க ஒன்று செய்தேன்: திரையில் நடக்கும் பொம்மை எழுத்தைத் தொட்டால் படம் வரும், அவ்வளவுதான். "மாமா, இதுல சாவே கிடையாதா?" என்று சலித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பூதத்தை விட்டதும் விடாமல் ஆடினாள்.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேம்பாய் திரை 160க்கு 144 புள்ளி. எல்லாம் 8க்கு 8 கட்டமாகத்தான் வரையும். நம் எழுத்து 8 புள்ளியில் நிற்காது, நான்கு கட்டம் சேர்த்து 16க்கு 16 ஆக வரையுங்கள். ஒரு பின்னணிப் படத்தில் வெவ்வேறான கட்டம் 192 வரைதான் அனுமதி. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 எழுத்துக்கு 124 கட்டம். ஒரே படத்தில் அடங்கிவிடும். உயிர்மெய் 216ஐயும் ஒரே படத்தில் திணிக்க முடியாது, வர்க்கம் வர்க்கமாகத் தனித்தனிக் காட்சியாகப் பிரியுங்கள். முடித்ததும் முதலில் கம்ப்யூட்டரில் எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பாருங்கள், பிறகு மெமரிக்கு மாற்றுங்கள். ணகரமும் ஔகாரமும் 16 புள்ளியில் நசுங்கித் தெரிந்தால் அந்த இரண்டை மட்டும் 24 புள்ளி அகலத்துக்கு நீட்டுங்கள், கூடுதலாக நான்கு கட்டம்தான் பிடிக்கும்.